மூன்று கோட்டு அடித்த புல்வெளி

சகலை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று, போர்டுக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடியே ஒரு தீர்மானம் போட்டார்.

"நம்ம பாப்பா முதல் அடியைப் புல்லு மேலதான் எடுத்து வைக்கணும்."

அவர் மனைவி தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நின்றாள்.

"வைக்கட்டும். முதல்ல நீங்க உங்க அடியை எடுத்து உள்ளே வைங்க. தோள் வலிக்குது."

போர்டுக்காரர் என்றால் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். தெருவில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பேச்சு அதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும்.

சகலை, மனைவியின் அக்கா வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். வாழ்க்கையில் ஏற்றம் இறக்கம் எல்லாம் பார்த்தவன் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார். அவர் வீட்டு முன்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு புல்வெளி. அன்றைக்கு அதன் ஓரத்தில் நம்மவரை நிறுத்தி, "செருப்பைக் கழட்டிட்டு வாங்க சகலை, புல்லுக்கு வலிக்கும்" என்றார். அதோடு விட்டாரா? "எங்க பையன் முதல் அடி வெச்சது இதுலதான். உங்க பாப்பா எதுல வைக்கும்? சிமெண்டுலயா? பாவம்" என்றும் சொல்லிவிட்டார்.

அந்தப் 'பாவம்' வழியெல்லாம் போர்டுக்காரரின் காதில் உட்கார்ந்துகொண்டு வந்தது. பாப்பாவுக்கு அப்போது எட்டு மாதம். இன்னும் தவழக்கூட இல்லை. ஆனாலும் அவருக்கு அவசரம்.

"எங்கே புல்லு போடப் போறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"பின்பக்கம்."

பின்பக்கம் என்பது பன்னிரண்டு அடிக்கு இருபது அடி. குடிவந்த நாளிலிருந்து அந்த இடத்தை யாரும் எதுவும் கேட்டதில்லை. அதுவும் யாரையும் கேட்காமல் முழங்கால் உயரத்துக்குக் களையாக வளர்ந்து நின்றது.

"அதுல நான் அவரைக்கொடி போடலாம்னு இருந்தேன்."

"போட வேண்டியதுதானே?"

"எங்கே போட? களையை எடுத்துக் கொடுங்கன்னு ரெண்டு வருஷமா கேக்குறேன். மழை வரட்டும்னீங்க. மழை வந்தா காயட்டும்னீங்க."

"இப்ப எடுக்கிறேன். பாப்பாவுக்காக."

"எனக்காக வராத கை பாப்பாவுக்காக வருதா? சரி, வரட்டும். ஆனா ஒரே பேச்சு. கையால பிடுங்கணும். மருந்து கிருந்து அடிக்கக் கூடாது. மண்ணை அள்ளி வாயில போடுற வயசுல ஒரு பிள்ளை இருக்கு."

"கையாலதான். சத்தியமா."

"பாப்பா பிறந்தநாளுக்குள்ள புல்லு வந்துட்டா அந்த இடம் உங்களுக்கு. அவரைன்னு நான் வாயே திறக்க மாட்டேன்."

"வரலைன்னா?"

"நான் என்ன சொல்றேனோ அதைச் செய்யணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது."

இதுவரைக்கும் அப்படித்தானே நடக்கிறது என்று அவருக்கு வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "சம்மதம்" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். அரை மணி நேரம் மூச்சுப் பிடித்துப் பிடுங்கியதில் பதினோரு களை வந்தது. அதில் வேரோடு வந்தது மூன்று. ஏணி மேல் ஏறி நின்று மேல்நோக்கி எழுதியே பழகின முதுகு. குனியச் சொன்னதும் அது ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல் விறைத்துக்கொண்டது. அன்று முழுக்க அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாப்பா ஆச்சரியமாகப் பார்த்தது. தனக்கு ஒரு துணை கிடைத்தது என்று நினைத்திருக்கும்.

மறுவாரம் மனைவி பாப்பாவைத் தடுப்பூசிக்கு எடுத்துக்கொண்டு போன நேரம் பார்த்து, விதை உரம் விற்கிற கடைக்குப் போனார்.

"களை சாகணும்."

"எந்த இடத்துல?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்குப் பின்னாடி. சும்மா கிடக்கிற இடம்."

"அங்கே எதுவும் வளரக் கூடாது. அப்படித்தானே?"

"ஒரு களைகூட."

"அப்ப இதைக் கொண்டு போங்க. ஒரு வாளித் தண்ணிக்கு ஒரு மூடி. ஒரு தடவை அடிச்சாப் போதும். மண்ணுல தங்கி நிக்கிற மருந்து. ஆறு மாசத்துக்கு அந்த இடத்துல ஒண்ணும் தலை தூக்காது."

போர்டுக்காரருக்கு மனசு அப்படியே குளிர்ந்துவிட்டது. ஆறு மாதம் குனிய வேண்டாம். 'ஒண்ணும்' என்று கடைக்காரர் சொன்னதில் புல்லும் அடக்கம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. களை அழைக்காமல் வருவது. புல்லை நாமே போய் வாங்கி வந்து போடுகிறோம். மருந்துக்கு இந்த வித்தியாசம்கூடவா தெரியாது?

பாட்டிலின் மேல் எல்லாம் எழுதித்தான் இருந்தது. ஆனால் கடுகு கடுகாக எழுதியிருந்தது. அவ்வளவு சின்ன எழுத்தில் எழுதுகிறவனை அவர் தொழில்காரனாகவே மதிப்பதில்லை. படிக்காமல் விட்டுவிட்டார்.

அடித்தார். அடித்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தார். மனசு ஒப்பவில்லை. இருபது வருஷமாக பெயிண்ட் அடிக்கிற கை அது. முதல் கோட்டோடு பிரஷ்ஷைக் கழுவி வைத்தால் அந்தக் கைக்குத் தூக்கம் வராது. கொஞ்சம் காயவிட்டு இரண்டாவது கோட்டு அடித்தார். அப்புறம் மூலை முடுக்கெல்லாம் பார்த்து ஃபினிஷிங் கோட்டு.

மதில் மேல் ஒரு தலை தெரிந்தது. அடுத்த வீட்டுத் தையல்கார அக்கா.

"என்ன தம்பி, மண்ணுக்குப் பெயிண்டா?"

"தண்ணி ஊத்துறேன்க்கா."

"மூக்குல துணியைக் கட்டிக்கிட்டா?"

"எனக்கு மண்வாசனை ஒத்துக்காது."

"ஓகோ. தண்ணிக்குத் தொட்டுக்க ஒரு பாட்டிலும் இருக்கு போல."

அவர் மதிலருகே போய்க் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, வீட்டுல சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன். எனக்குக் கண்ணாடி போட்டாத்தான் கண்ணே தெரியும். நான் ஒண்ணும் பார்க்கல."

இரண்டு நாள் கழித்து அந்தத் தலை மறுபடியும் மதில் மேல் வந்தது.

"தம்பி, அன்னிக்கு நான் ஒண்ணும் பார்க்கலன்னு சொன்னேன்ல? வாசல்ல ஒரு போர்டு இருந்தா இன்னும் நல்லாப் பார்க்காம இருப்பேன்."

'இங்கே எல்லாவிதத் துணிகளும் தைக்கப்படும்' என்று சிவப்பிலும் நீலத்திலும் நிழல் கொடுத்து, ஓரத்தில் ஒரு கத்தரிக்கோல் படமும் வரைந்து கொடுத்தார். மௌனத்துக்கு அவர் எழுதிய முதல் போர்டு அதுதான்.

பாட்டிலை வேலை அறையில் முப்பது பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில், மேல் தட்டில் ஒளித்துவைத்தார். களை ஒரே வாரத்தில் மஞ்சளாகி, பழுப்பாகி, நின்ற இடத்திலேயே செத்தது. அதை அவர் விளக்குமாற்றாலேயே கூட்டி எடுத்துவிட்டார்.

"முடிஞ்சுதா?" என்றாள் மனைவி.

"முடிஞ்சுது. வேரோட."

"கையாலயா?"

அவர் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். "பாரு, எப்படிக் காய்ச்சுப்போச்சு."

"அது பிரஷ் பிடிச்ச காய்ப்பு. சரி, சரி. நல்லா இருந்தாச் சரி."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மருந்து அடித்த அன்று தடுப்பூசி போட்டுவிட்டு வந்தவள், கொல்லைக் கதவின் குறுக்கே ஒரு பலகையை வைத்து அடைத்திருந்தாள். எழுதச் சொன்னவர் வாங்கிக்கொள்ளாமல் போன பழைய போர்டு. 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று அதில் இருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டிருந்தார்.

"பாப்பா தவழ ஆரம்பிச்சா படியில உருண்டுடும்."

நல்லதுதான் என்று அவரும் விட்டுவிட்டார்.

அப்புறம் புல் விதை வந்தது. மண்ணைக் கீறி, தூவி, மேலே லேசாக மண் தூவி, பூவாளியால் தண்ணீர் விட்டார். அத்தோடு நிற்கவில்லை. பச்சை எழுத்தில் 'புல்லை மிதிக்காதீர்கள்' என்று ஒரு போர்டு எழுதி, ஒவ்வொரு எழுத்தின் காலடியிலும் சின்னச் சின்னப் புல்லாக வரைந்து, நட்டநடுவில் நட்டார்.

பத்து நாள் ஆயிற்று. புல் இருந்த இடம் அந்தப் போர்டு ஒன்றுதான்.

பதினைந்தாம் நாள் அங்கங்கே நூல் மாதிரி ஏதோ எட்டிப் பார்த்தது. அவர் ஓடிப்போய் மனைவியைக் கூட்டி வந்தார். மூன்றாம் நாள் அது நுனியில் வெளுத்து, தலை சாய்த்துப் படுத்துவிட்டது. இழுத்துப் பார்த்தால் வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"எறும்பு. விதையைத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"முளைச்சதையுமா?"

"அது குருவி."

"குருவிக்கு ஒரு போர்டு எழுதி வைக்கிறதுதானே?"

மறுபடியும் விதை வாங்கித் தூவினார். மறுபடியும் எறும்பு, மறுபடியும் குருவி. மூன்றாவதாக, வெயில் சரியில்லை என்றார். வெயில் அடுத்த வீட்டில் சரியாகத்தான் அடித்தது. தையல்கார அக்கா மதிலோரம் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்தாள். அது தளதளவென்று வளர்ந்து எட்டி எட்டி இவர் மண்ணைப் பார்த்தது.

இதற்கிடையில் சகலையிடமிருந்து போன்.

"என்ன சகலை, புல்லு போட்டிருக்கீங்களாம்?"

"ஆமாம் சகலை."

"எப்படி இருக்கு?"

போர்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மண் அவரைப் பார்த்தது.

"தரை தெரியல சகலை."

"அடேயப்பா. அப்ப பாப்பா பிறந்தநாளுக்கு அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுடுவோம். பாய் எதுவும் வேண்டாம்."

போனை வைத்தார். பிறந்தநாளுக்கு இன்னும் ஆறு வாரம். சகலை முன்னால் மானம் போகும். மனைவிக்குக் கொடுத்த வாக்கு வேறு இருக்கிறது. ஏன் எதுக்கு என்று கேட்காமல் செய்ய வேண்டிய ஏதோ ஒன்று, என்னவென்றே தெரியாமல், வாசலில் வந்து நிற்கிறது.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். ஜன்னல் மேடையில் இரண்டு பால்பவுடர் டப்பா. ஒன்றில் புல் விரல் நீளத்துக்கு, பச்சைப்பசேல் என்று, சீவி விட்டதுபோல் நின்றது. இன்னொன்றில் வெறும் மண்.

"இது என்ன?"

"பாப்பாவுக்கு வேடிக்கை காட்ட. நீங்க கீழே சிந்தின விதைதான்."

"அந்த டப்பாவுல ஏன் வரலை?"

"நீங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அவள் பாப்பாவின் வாயைத் துடைத்தாள்.

ஒன்றுக்குத் தண்ணீர் விட்டு ஒன்றுக்கு விட மறந்திருப்பாள் என்று அவர் முடிவு கட்டினார். பெண்களுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கிறது என்று ஒரு பெருமூச்சும் விட்டார். அவர் மூளை அப்போது வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இருபது வருஷம் பெயிண்டில் ஊறின மூளை, ஆபத்து வந்தால் வேறு எதை நினைக்கும்? புல்லுக்கு என்ன வேண்டும்? பச்சையாக இருக்க வேண்டும். வைக்கோலைப் பொடியாக நறுக்கி, மண் மேல் பரப்பி, மேலே பச்சை பெயிண்ட் அடித்துவிட்டால்? நாலடி தள்ளி நாற்காலியைப் போட்டு, சகலையை அதில் உட்கார வைத்து, கிட்டே போகாமல் பார்த்துக்கொண்டால்? அதற்குத்தான் போர்டே இருக்கிறதே. 'புல்லை மிதிக்காதீர்கள்.'

தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னால், ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு ஞாயிறு காலை பெரிய டப்பாவில் இலைப்பச்சையும் கொஞ்சம் மஞ்சளும் ஊற்றிக் குழைத்துக்கொண்டிருந்தார். மனைவி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பலகைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"நல்ல பச்சை."

"ஒரு கடைக்கு" என்றார் அவர்.

"மருந்து மூணு கோட்டு அடிச்சீங்க. பெயிண்ட் எத்தனை கோட்டு?"

குழைத்துக்கொண்டிருந்த குச்சி நின்றது. பச்சை சொட்டிய சத்தம் கேட்டது.

"எந்த மருந்து?" என்றார். குரல் சின்ன எழுத்தில் வந்தது.

"மேல் தட்டுல ஏழாவது டப்பாவுக்குப் பின்னாடி இருக்கே, அது."

"அந்த அக்கா சொன்னாங்களா? போர்டு வாங்கிக்கிட்டு..."

"அக்கா ஒரு வார்த்தை சொல்லல. பாவம், அவங்களைக் குறை சொல்லாதீங்க."

"அப்புறம் எப்படி?"

"கையால பிடுங்கின களை நின்னுக்கிட்டா சாகும்? அன்னிக்கு ஊசி போட்டுட்டு உள்ளே வர்றேன், வீடெல்லாம் ஒரு வாடை. நீங்க மூக்கைச் சுத்தி ஒரு துணி அச்சோட உட்கார்ந்திருக்கீங்க. வேலை அறையில முப்பது டப்பா. தூசி இல்லாதது ஒண்ணே ஒண்ணு. அதுக்குப் பின்னாடி பாட்டில். எதை எடுத்தாலும் மூணு கோட்டு அடிக்கிற கைதானே உங்களுது?"

"அன்னிக்கேவா தெரியும்?"

"அன்னிக்கேதான். பலகையை வேற எதுக்கு வெச்சேன்?"

அவர் அந்தப் பலகையைப் பார்த்தார். 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது.' எழுதினது அவர்தான். இத்தனை நாள் தினமும் அதைத் தாண்டித்தான் போய்வந்தார்.

"பாட்டில்ல எழுதியிருந்ததைப் படிச்சேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி, ரெண்டு மத்தியானம் ஆச்சு. இதை அடிச்ச இடத்துல ஆறு மாசத்துக்கு எந்த விதையும் போடக் கூடாதுன்னு போட்டிருக்கு. அப்பவும் நம்பல. இந்த மண்ணு ஒரு டப்பா, வாசல் மண்ணு ஒரு டப்பா, ரெண்டுலயும் ஒரே விதை, ஒரே தண்ணி. ஒண்ணு வந்துச்சு, ஒண்ணு வரல. எறும்பு வந்து டப்பாவைத் தூக்கிட்டுப் போச்சா?"

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன். இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு ரெண்டரை மாசம் பார்த்தேன்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது. "பிள்ளை கிடக்கிற வீடுங்க. எனக்கு அது ஒண்ணுதான்."

அவர் பச்சை டப்பாவை மூடினார். "தப்புதான்."

"தெரியும். மதில்ல எட்டிப் பார்க்காம இருந்திருக்க மாட்டாங்கன்னு, அந்த அக்காவைப் போர்டு கேக்கச் சொன்னதே நான்தான். ரொம்ப நாளா அவங்களுக்கு ஒரு போர்டு வேணும்னு ஆசை. உங்ககிட்ட நேரா கேட்டா அடுத்த வருஷம்பீங்க."

போர்டுக்காரர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"சரி. என்ன செய்யணும்?"

"ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது, ஞாபகம் இருக்கா? ஆனா சொல்றேன். கடைக்காரர்கிட்ட நானே போய்க் கேட்டேன். மருந்து மண்ணுல இருக்கிற வரைக்கும் முளை வேர் விட முடியாதாம். மண்ணைக் கொத்திப் புரட்டி, மக்கின எருவைக் கலந்து, ஈரம் காயாம வெச்சிருந்தா, கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிரெல்லாம் பெருகி மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சிடுமாம். நாள் ஆகும்னாரு. மாசா மாசம் ஒரு டப்பா மண்ணு எடுத்து விதை போட்டுப் பார்ப்பேன். டப்பாவுல பச்சை நின்னாத்தான் தரையில விதை."

"எவ்வளவு ஆழம் கொத்தணும்?"

"ஒரு முழம்னு சொல்லத்தான் ஆசை. ஒரு சாண் போதும்னு கடைக்காரர் சொல்லிட்டாரு."

பன்னிரண்டுக்கு இருபது. ஒரு சாண் ஆழம். பதினோரு களைக்கு முறுக்கிக்கொண்ட முதுகு அது. களை பிடுங்கியிருந்தால் மூன்று ஞாயிறில் முடிந்திருக்கும். இப்போது ஞாயிறு தவறாமல் மண்வெட்டி. கொத்தினார், எருவைக் கூடை கூடையாகச் சுமந்து கொட்டினார், கலந்தார், தண்ணீர் ஊற்றினார். அடுத்த ஞாயிறு மறுபடியும் முதலிலிருந்து. தையல்கார அக்கா தன் புது போர்டுக்குக் கீழே மெஷினைப் போட்டுக்கொண்டு, நூல் கோக்க வேண்டிய போதெல்லாம் மதிலுக்கு மேலே பார்த்தாள்.

"இப்ப கண்ணாடி போட்டிருக்கேன் தம்பி. நல்லாத் தெரியுது."

ஆச்சரியம் என்னவென்றால் நாலாவது ஞாயிறுக்கு அவர் முதுகு முனகுவதை நிறுத்திவிட்டது. பசியும் தூக்கமும் நன்றாக வந்தது. கொத்தின மண் பொலபொலவென்று கறுத்து வந்தது. அவருக்கே அதைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அள்ளினதும் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து, "கையைக் கழுவிட்டுப் பாப்பாவைத் தொடுங்க" என்று குரல் வரும்.

பிறந்தநாள் வந்தது. சகலையும் வந்தார். வாசலில் அக்காவும் தங்கையும் பேச்சில் இருக்க, நேரே கொல்லைக்கு நடந்தார். போர்டுக்காரர் பின்னால் ஓடினார். பலகைக்கு அந்தப் பக்கம் கறுப்பாக மண். நடுவில் 'புல்லை மிதிக்காதீர்கள்.'

"புல்லு எங்கே சகலை?"

போர்டுக்காரர் வாயைத் திறந்தார். எறும்பா, குருவியா என்று தேர்ந்தெடுப்பதற்குள் மனைவி வந்துவிட்டாள்.

"அதை ஏன் மாமா கேக்குறீங்க. வந்த புல்லு இவருக்குப் பிடிக்கல. மண்ணு சரியில்லாம புல்லு போட்டா நிலைக்காதுன்னு மொத்தத்தையும் வெட்டிப் புரட்டிட்டாரு. ஒரு சாண் ஆழம். ஆளே வைக்கல, எல்லாம் அவர் கையாலதான்."

சகலை மண்ணைப் பார்த்தார், மண்வெட்டியைப் பார்த்தார், நம்மவரின் புஜத்தைப் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்தது. போர்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்தார். அந்த நினைப்பு முடிவதற்குள் அவள் மேலே போய்விட்டாள்.

"இனிமே மருந்துங்கிற பேச்சே கிடையாதாம். ஞாயிறு தவறாம களையைத் தானே கையால பிடுங்கப் போறாராம். காலம் பூரா. இல்லைங்க?"

சகலை திரும்பிப் பார்த்தார். மனைவியின் அக்கா திரும்பிப் பார்த்தாள். மதில் மேல் ஒரு கண்ணாடியும் திரும்பிப் பார்த்தது.

"ஆமாம்" என்றார் போர்டுக்காரர்.

"பார்த்தீங்களா, அவரும் ஒரு ஆம்பளைதானே?" என்றாள் அக்கா தன் வீட்டுக்காரரிடம். "நம்ம வீட்டுப் புல்லுல களை எடுக்க நான்தான் குனியுறேன். நீங்க லிஃப்டு மாதிரி மேலேயும் கீழேயும் போய்வர்றதோட சரி."

சகலை நம்மவர் காதருகே குனிந்தார். "ஏன் சகலை, நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

பாப்பா முதல் அடியை எடுத்து வைத்தது அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, சமையலறைச் சிமெண்டுத் தரையில், உருண்டு ஓடிய ஒரு உருளைக்கிழங்கை நோக்கி. அப்போது அவர் ஒரு மருந்துக்கடை வாசலில் ஏணி மேல் இருந்தார். சாயங்காலம் விஷயம் கேட்டதும் சிமெண்டு தேவலை என்று அவருக்குத் தோன்றிவிட்டது. உருளைக்கிழங்கை உருட்டி உருட்டி எட்டு முறை நடக்க வைத்துப் பார்த்தார்.

மருந்து அடித்த ஏழாம் மாதம் பின்பக்கத்து டப்பாவில் பச்சை நின்றது. அவள் ஒரு மாதம் பொறுத்து இன்னொரு டப்பாவும் போட்டுப் பார்த்தாள். அதிலும் நின்றது. அப்புறம்தான் பலகையை எடுத்தாள். இடத்தைப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு பாதியில் அவரை. மறு பாதியில் புல். மூன்றே வாரத்தில் தரை தெரியவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சகலை வீட்டாரையும் வரவழைத்து, போர்டுக்காரர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்லின் மேல் மெதுவாக இறக்கினார். பாப்பா குனிந்து பார்த்தது. உள்ளங்காலில் ஏதோ குறுகுறுத்தது. இரண்டு காலையும் ஒன்றாக மேலே மடக்கிக்கொண்டு, அப்பாவின் சட்டையைப் பிடித்துத் தோள் வரைக்கும் ஏறிவிட்டது. எத்தனை தடவை இறக்கினாலும் கால் மட்டும் இறங்கவில்லை.

"பழகிடும், பழகிடும்" என்று மனைவி சிரித்தாள். அவரும் சிரித்தார். பெண் தோளில் கிடக்க, புல்லில் வெறுங்காலோடு நிற்பது நன்றாகத்தான் இருந்தது. நடுவில் இருந்த போர்டைக் காணவில்லை என்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது.

"என் போர்டு எங்கே?"

"பிள்ளை நடக்கிற இடத்துல மிதிக்காதேன்னு எதுக்கு? எடுத்து அந்தப் பக்கம் மாட்டிட்டேன்."

அந்தப் பக்கம் என்றால் வாசல். போய்ப் பார்த்தார். கேட்டில், அவர் போர்டின் மறுபுறத்தில், அவருடைய பச்சை பெயிண்டில், ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் போன எழுத்தில் எழுதியிருந்தது:

'களை கையால் பிடுங்கப்படும். ஞாயிறு காலை.'

"நீங்க மறந்துடக் கூடாதுன்னு எழுதினேன். எழுத்துதான் கோணல்."

எழுத்து கோணல்தான். ஆனால் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. தொழில்காரன் அதில் குறை சொல்ல முடியாது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்க, பின்னால் வந்த மனைவியின் அக்கா போர்டை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். தங்கையைப் பார்த்தாள். தங்கை தலையை ஆட்டினாள். இருவருக்கும் அவ்வளவு போதும்.

"அடுத்த ஞாயிறு இவரை அனுப்பி வைக்கிறேன்க்கா" என்றாள் மனைவி.

சகலை நம்மவரின் தோளில் கை போட்டார். பாப்பா பிறந்தநாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"வாங்க சகலை. வரும்போது மட்டும் செருப்பைக் கழட்டிட்டு வாங்க, புல்லுக்கு வலிக்கும்."